வட்டக்கச்சிக்கு ஏழு மருந்து

புரட்டாதி முதற் புதன்கிழமை, காலை ஐந்தே முக்கால் மணி. யாழ்ப்பாணம் புகையிரத நிலையத்தில் கிளிநொச்சிக்கு மூன்றாம் வகுப்புச் சீட்டு ஒன்று எடுத்தேன். ஒரு ரூபா முப்பது சதம். கையில் ஒரு தகரப் பெட்டி. அதற்குள் இரண்டு வேட்டி, இரண்டு சேட்டு, ஏழு மருந்து.

எங்கள் தெருவில் கொழும்புக்குப் போய் வந்தவர்கள் பத்துப் பேராவது இருப்பார்கள். சிங்கப்பூருக்குப் போனவர் ஒருவர் இருக்கிறார். ஆனையிறவைத் தாண்டி வன்னிக்குள் இறங்கி நான்கு நாள் தங்கி வந்தவர் ஒருவரும் இல்லை. காட்டையும் காய்ச்சலையும் பற்றிக் கதை சொல்ல மட்டும் எல்லோருக்கும் தெரியும். ஆகவே, போய் வந்தவன் எழுதுகிறேன்.

போன காரணம் ஒரு கடிதம். என் அக்கா யோகம் கலியாணம் முடித்து, வட்டக்கச்சிக் குடியேற்றத்தில் காணி பெற்ற அத்தானோடு போய் இரண்டு வருடம் ஆகிறது. மூன்று ஏக்கர் வயல், இரண்டு ஏக்கர் மேட்டுக் காணி, ஒரு கல்வீடு. அத்தான் எழுதியிருந்தார்: “எனக்கு மூன்று நாளாக வயிறு சரியில்லை. வெளிக்குப் போவது கஷ்டமாக இருக்கிறது. உன் கடையில் நல்ல மருந்து இருந்தால் கெதியாகக் கொண்டு வரவும்.”

நான் பெரியகடைத் தெருவில் ஒரு மருந்துக்கடையில் இரண்டு வருடமாக வேலை செய்கிறேன். எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணியவன். முதலாளியின் தடித்த ஆங்கில மருந்துப் புத்தகத்தை இரண்டு தரம் வாசித்தவன். மலச்சிக்கல் என்றால் எனக்குப் பிடித்த பாடம். டாக்டரின் மருந்துத் துண்டு இல்லாமல் கடையில் நாங்களே கொடுக்கக்கூடிய மருந்து அதற்குத்தான் அதிகம். எதை எடுப்பது என்று யோசிக்க முடியாமல் எல்லாவற்றிலும் ஒவ்வொன்று எடுத்தேன். ஆமணக்கெண்ணெய், பேதி உப்பு, நிலாவாரை இலை, பரபின் எண்ணெய், மக்னீசியாப் பால், இசப்புக்கோல் விதை, பின்வழியாக வைக்கிற கிளிசரின் குளிசை. சில மருந்து குடலை உதைக்கும். சில தண்ணீரை இழுத்து மலத்தை இளக்கும். சில வழுக்கிக்கொண்டு போகப் பண்ணும். ஒன்று தோற்றால் மற்றது.

வண்டி ஆறு மணிக்குப் புறப்பட்டது. என் முன்னால் இருந்தவர் முல்லைத்தீவு மீன் வியாபாரி. சூசை என்று பெயர் சொன்னார். கழுத்தில் மாதா பதக்கம், காலடியில் வெறுங்கூடை நான்கு. கொடிகாமத்தில் வண்டி குலுங்கி நின்றபோது என் பெட்டிக்குள் போத்தல்கள் கலகலத்தன.

“என்ன தம்பி, சாராயமோ?”

“மருந்து அண்ணை. மலச்சிக்கலுக்கு.”

“உவ்வளவுமோ? ஆருக்கு, யானைக்கோ?”

வண்டிப் பெட்டியில் இருந்த ஆறு பேரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. ஆனாலும் விடவில்லை, மருந்து ஒவ்வொன்றும் எப்படி வேலை செய்யும் என்று விளக்கத் தொடங்கினேன். பளை தாண்டும்வரை அவர் பொறுமையாகக் கேட்டார்.

“எங்கட கரையில உந்த வருத்தம் கிடையாது தம்பி. விடிய எழும்பினா கடல். ஆம்பிளையளுக்கு அந்தப் பக்கம், பொம்பிளையளுக்குத் தாழம்பத்தைப் பக்கம். ஒருத்தரும் எட்டிப் பாக்கமாட்டினம். நாயாத்துக் கரையில மீன்வாடி போட்டாலும் முதல்ல பாக்கிறது அதுக்கு ஒரு இடம், பேந்துதான் அடுப்புக்கு.”

இதைப் பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். ஆனையிறவில் இரண்டு பக்கமும் தண்ணீர், வெயில் பட்ட உப்பளம், நடுவே ஒற்றைக் கோடாகத் தண்டவாளம். அந்த இடத்தில் தலையை வெளியே நீட்டாதவன் மனிதன் இல்லை. பரந்தனில் சூசை அண்ணை கூடைகளோடு இறங்கி, முல்லைத்தீவு பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

எட்டு மணிக்குக் கிளிநொச்சி. நிலையத்துக்கு வெளியே இருந்த தேநீர்க் கடையில் ஒரு பிளேன்ரீ, இரண்டு வடை, இருபது சதம். வட்டக்கச்சி ஐந்து மைல். பஸ் பத்தரைக்குத்தான் என்றார்கள். எனக்குப் பொறுமை இல்லை. விதை உழவுக்குப் போகிற உழவு இயந்திரம் ஒன்றின் பெட்டியில் இருபத்தைந்து சதம் கொடுத்து ஏறினேன். இரணைமடுக் குளத்து வாய்க்கால் வழி முழுவதும் கூடவே வந்தது. முதல் மழைக்குக் காத்திருக்கிற காய்ந்த வயல்கள், அவற்றுக்கு அப்பால் கரும்பச்சைச் சுவராகக் காடு. வீடுகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. எது யாருடையது என்று வாசலில் காயும் சீலையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றான் சாரதி.

ஒன்பதரைக்கு இறங்கினேன். அக்கா வாசலுக்கு வந்தாள். ஐந்து மாதம் என்று கடிதத்தில் அறிந்திருந்தேன். வயிறு தெரிந்தது, முகத்தில்தான் களையே இல்லை. அத்தான் அப்போதுதான் வரம்பு வெட்டிவிட்டு மண்வெட்டியோடு வந்தார். இத்தனை நாளாக வயிறு கட்டிய மனிதர் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

நான் நேரத்தை வீணாக்கவில்லை. புத்தகத்தில் உள்ளபடி கேள்விகளை அடுக்கினேன்.

“கடைசியா எப்ப வெளிக்குப் போனீங்கள் அத்தான்?”

அத்தான் அக்காவைப் பார்த்தார். “போன... வியாழன்.”

“சாப்பிட்டது சத்தி வருதோ? வயித்துக் குத்து? காத்துப் பிரியுதோ?”

ஒவ்வொரு கேள்விக்கும் முதலில் அக்காவைப் பார்த்தார், பிறகு பதில் சொன்னார். வேலிக்கு அந்தப் பக்கம் பூரணம் அக்கா என்ற அயல்வீட்டுக்காரி, புடைத்த சுளகை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றா. வாயில் சீலைத் தலைப்பு. அது ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

பேதி உப்பை எடுத்து, வெந்நீரில் கரைத்து, ஒரு டம்ளர் முழுக்க நீட்டினேன். அத்தான் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அக்காவைப் பார்த்தார். பிறகு ஒரே மூச்சில் குடித்துவிட்டு முகத்தைக் கோணினார்.

“நல்ல மருந்துதான் தம்பி,” என்றார்.

பதினொரு மணிக்கு அத்தான் தண்ணீர்ப் பேணியை எடுத்துக்கொண்டு வீட்டு வளவுக்குப் பின்னால் இருந்த பத்தைக்காட்டுக்குள் போனார். பதினொன்றரைக்கு மறுபடி. பன்னிரண்டுக்கு நடந்து போகவில்லை, ஓடினார். மூன்று மணிக்குள் ஏழு தரம் எண்ணினேன். என் மனம் பூரித்தது. இவ்வளவு நல்ல பலனை நான் கடையில் கண்டதே இல்லை.

“ஐயோ பாவம், நல்லா இருந்த மனிசன்!” என்று வேலிக்கு அப்பால் பூரணம் அக்கா வாய்விட்டே சிரித்தா.

நாலு மணிக்கு அத்தான் வெளிறிப்போய்க் கதிரையில் சாய்ந்தார். அவருக்கு உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர் கொண்டு வந்த அக்கா, அவரைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினாள். அந்தச் சிரிப்பு நடுவழியில் அழுகையாக மாறியது.

“மருந்து எனக்கடா,” என்றாள். “தம்பிக்கு என்னெண்டு உதைச் சொல்லுறதெண்டு, தனக்கெண்டு எழுதச் சொன்னனான். இந்த மனிசன் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமெல்லோ!”

“நீதானே சத்தியம் வாங்கினனி,” என்றார் அத்தான், கண்ணைத் திறக்காமலே.

குசினிக்குள் போய் அதே கேள்விகளை அக்காவிடம் கேட்டேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. பானைக்குப் பதில் சொன்னாள். ஆறு நாள். வெளிக்குப் போனாலும் கல்லுப்போல, அரைமணி நேரம் முக்க வேண்டும். சத்தி இல்லை. காற்றுப் பிரிகிறது. காய்ச்சல் இல்லை, இரத்தம் இல்லை, வயிறு ஊதிக் கல்லாகவில்லை, பிடித்துப் பிடித்துக் குத்தவும் இல்லை. பிள்ளை துடிக்கிறது. இவற்றில் ஒன்றுக்காவது அவள் மாறிச் சொல்லியிருந்தால் பெட்டியை மூடிவிட்டுக் கிளிநொச்சி ஆசுப்பத்திரிக்கு வண்டி பிடித்திருப்பேன். அந்த நிலையில் வயிற்றுக்குள் பேதி மருந்தை ஊற்றுவது, அடைத்த குழாயில் பம்பு அடிப்பது போல.

அதன் பிறகு பெட்டியைத் திறந்து நான் செய்த வேலைதான் பெரிய வெட்கம். ஆமணக்கெண்ணெய் கர்ப்பிணிக்கு ஆகாது. பேதி உப்பு ஆகாது. நிலாவாரை டாக்டரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. பரபினும் வேண்டாம். இவ்வளவு தூரம் சுமந்து வந்த ஏழில் நாலை ஒதுக்கி வைத்தேன். மிஞ்சியது மூன்று.

“மருந்து கிடக்கட்டும்,” என்றாள் அக்கா. “சனிக்கிழமை நீ போகேக்க நானும் உன்னோட வாறன். பிள்ளையையும் அங்கயே பெறுறன். இனி இஞ்ச வரமாட்டன்.”

கதிரையில் இருந்த அத்தான் கண்ணைத் திறந்து வயல் பக்கம் பார்த்தார். இன்னும் மூன்று கிழமையில் காலபோக நெல் விதைப்பு. குடும்பத்தோடு காணியில் இருந்து பயிர்ச்செய்கை பண்ணாதவரின் காணி கைமாறிவிடும் என்று ஊரில் பேச்சு. ஒற்றை மனிதனாக மூன்று ஏக்கர் விதைத்து, களை பிடுங்கி, யானைக்குக் காவல் இருந்து, சமைத்தும் சாப்பிட முடியாது. அக்கா புகையிரதம் ஏறினால் இரண்டு வருடத்து வேர்வையும் அவளோடு ஏறிவிடும்.

அன்று மாலை அக்காவுக்கு இசப்புக்கோல் இரண்டு தேக்கரண்டி, ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் போட்டுக் கொடுத்தேன். பின்னால் இன்னும் ஒரு டம்ளர் குடிக்க வேண்டும் என்றும் சொன்னேன். “ஓம், ஓம்” என்றாள்.

வியாழன் காலை ஏழு மணி. பலன் இல்லை. வயிறு இன்னும் கனக்கிறது என்றாள். மறுபடி கலக்கிக் கொடுத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனவன், தற்செயலாகத் திரும்பிப் பார்த்தேன். மருந்தின் அடியில் இருந்த களியை இரண்டு வாயில் விழுங்கிவிட்டு, பின்னால் குடிக்கவேண்டிய டம்ளர்த் தண்ணீரைக் குசினி யன்னலால் கருவேப்பிலை மரத்துக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

ஓடி வந்தேன். இசப்புக்கோல் தண்ணீர் குடித்து ஊதுகிற விதை. தண்ணீர் இல்லாமல் கொடுத்தால் உள்ளே பசையாக நின்று இன்னும் அடைக்கும். மருந்து கொடுத்தேன் என்று நான் நெஞ்சு நிமிர்த்தியிருக்க, வருத்தத்தைக் கூட்டியிருக்கிறேன்.

“ஏனக்கா ஊத்தினனி? விசரோ உனக்கு?”

“குடிச்சாப் போக வேணுமெல்லோ!” என்று அவளும் சத்தம் போட்டாள். “எங்க போறது? நீ சொல்லு பாப்பம், எங்க போறது?”

அப்போதுதான் முழுக் கதையும் வந்தது. இந்த வீட்டு வரிசையில் பெண்கள் எல்லோரும் விடியப்புறம், நிலம் வெளிக்க முன்னம், ஐந்தாறு பேராகச் சேர்ந்து வாய்க்கால் கரைப் பத்தைக்குப் போவார்கள். அந்த ஒரு நேரம்தான். பகலில் வந்தால் அடக்க வேண்டும். அடக்கத் தோதாகத் தண்ணீரைக் குறைக்க வேண்டும். போன கிழமை அந்தப் பத்தைக்குள் கரடி நின்றிருக்கிறது.

“என்ர செம்பை அதுவே வைச்சிருக்கு,” என்று பூரணம் அக்கா வேலிக்கு மேலால் சொன்னா. “நான் ஓடின ஓட்டத்துக்கு உந்தப் புகையிரதம் கிட்ட நிக்கேலாது.”

மற்றப் பெண்கள் இரண்டு நாள் கழித்து மறுபடி போகத் தொடங்கிவிட்டார்கள். அக்கா போகவில்லை. வயிற்றில் பிள்ளையோடு ஓட முடியுமா? வந்தபோதெல்லாம் அடக்கினாள். அடக்க அடக்க அது இறுகியது. இறுகியதால் போகவே பயம்.

நான் வளவின் கோடியைப் பார்த்தேன். வந்த அன்றே கண்ணில் பட்டது: சீமெந்துச் சுவர், தகரக் கூரை, பலகைக் கதவு, அதில் ஒரு பெரிய பூட்டு. சாமான் அறை என்று நினைத்திருந்தேன்.

“அப்ப உது என்ன?”

அத்தான் மண்வெட்டிப் பிடியைத் துடைக்கத் தொடங்கினார்.

“உது கக்கூஸ்,” என்றாள் அக்கா. “வீடு கட்டித் தரேக்க கட்டித் தந்தது. உள்ள விதைநெல்.”

பெரிய குற்றம் ஒன்றும் இல்லை என்று இப்போது விளங்குகிறது. குடியேற்றத்தில் எலி ஏறாத சுவரும் கறையான் ஏறாத நிலமும் உள்ள ஒரே அறை அதுதான். ஒருவர் வைத்தார், அடுத்தவர் பார்த்தார். வரிசையில் இருபது வீடு. பூரணம் அக்காவின் கணக்கில் பத்தொன்பதில் நெல். மிச்சம் ஒன்றில் ஆடு. மேற்பார்வைக்கு வந்த ஐயா ஒருவர் வெளியே நின்று மணந்து பார்த்துவிட்டு, எல்லாம் வெகு சுத்தம் என்று பாராட்டிப் போனாராம்.

“நாலு மூடை தம்பி,” என்றார் அத்தான். “மூண்டு ஏக்கருக்கு அதுதான் விதை. எலி திண்டா அடுத்த போகம் இல்லை. வீட்டுக்குள்ள வைச்சா யானை மணத்துக்குச் சுவரை இடிக்கும். நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது?”

அக்கா எழுந்து நின்றாள்.

“நெல்லுக்குக் கல்லுச் சுவர், கதவு, பூட்டு. எனக்குக் கரடியோட பத்தை. அந்த நெல்லோடயே நீங்கள் இருங்கோ. நான் சனிக்கிழமை போறன்.”

அத்தான் இடுப்பிலிருந்து அந்தப் பூட்டின் திறப்பை எடுத்து அக்காவின் கையில் வைத்தார். கம்பு வெட்டும் கத்தியைத் தூக்கிக்கொண்டு காட்டுப் பக்கம் நடந்தார்.

வியாழன் மத்தியானத்திலிருந்து வெள்ளி மாலைவரை நாங்கள் ஒரு கொம்பறை கட்டினோம். நான்கு பாலைக் கட்டைக் கால். நெஞ்சளவு உயரத்தில் கம்பு பின்னி மண் பூசிய பெரிய கூடு. மேலே கிடுகுக் கூரை. நெல் வைக்க வன்னியின் பழைய ஆட்கள் கட்டுவது. மண்ணெண்ணெய்த் தகரத்தைத் தட்டி விரித்துக் காலுக்குக் காலாகச் சுற்றினால் எலி வழுக்கி விழும் என்றது என் யோசனை. யானை உரசினால் சத்தம் கேட்க வெறும் தகரப் பேணிகளைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டது பூரணம் அக்காவின் புருசன் செல்லையா அண்ணை. கம்பு பின்னியபடியே அவர் கேட்டார்:

“உதை முடிச்சா அடுத்தது என்ர வீட்டிலயோ?”

“பின்ன?” என்று வேலிக்கு அப்பாலிருந்து பதில் வந்தது. “நான் இன்னொரு செம்பு வாங்கிக் கரடிக்குக் குடுக்கட்டோ?”

மூடைகள் வெளியே வந்தபின் அக்கா தானே உள்ளே போய்க் கழுவினாள். கிணற்றிலிருந்து பன்னிரண்டு வாளி தண்ணீர் நான் அள்ளினேன். எல்லாம் சரி, ஒரு குறை. பூட்டு வெளிப்பக்கம். உள்ளே போடுவதற்கு ஒன்றும் இல்லை. நெல்லுக்கு அது தேவைப்படவில்லை.

கடைத்தெரு ஐந்து மைல். நான் என் தகரப் பெட்டியைக் குப்புறப் போட்டு, அதன் கொண்டியையும் வளையத்தையும் ஆணியோடு கழற்றி, கதவின் உட்பக்கத்தில் அடித்தேன்.

வெள்ளி முழுவதும் அக்கா தண்ணீர் குடித்தாள். எட்டு டம்ளர், என் கண்முன்னால். மத்தியானம் பழுத்த பப்பாசி வெட்டப் போனாள். கர்ப்பிணி பப்பாசி தொட்டால் என்ன ஆகும் என்று பூரணம் அக்கா போட்ட சத்தத்தில் அதை விட்டு முருங்கையிலையும் பூசணிக்காயும் சமைத்தோம். படுக்கப் போகும் முன் மக்னீசியாப் பால் ஒரு மேசைக்கரண்டி. அதற்கு மேல் வேண்டாம் என்றேன். நாளைக்கும் போகாவிட்டால் கிளிசரின். அதற்கும் போகாவிட்டால் புகையிரதத்துக்கு முதல் ஆசுப்பத்திரி என்றும் சொல்லி வைத்தேன். அக்கா சீலைகளை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

சனிக்கிழமை காலை ஆறரை. நல்ல வெளிச்சம். அத்தானும் நானும் முற்றத்தில் நின்று, பார்க்காதவர்கள் போலக் கொம்பறையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அக்கா வாளியோடு எங்களைத் தாண்டி, பகல் வெளிச்சத்தில், நேராக வளவின் கோடிக்கு நடந்தாள். கதவு சாத்தியது. கொண்டி விழுந்தது: ‘டக்’. அத்தானின் மூன்று ஏக்கரும் அந்தக் கதவுக்குள் போயிருந்தன.

கால்மணி நேரம். கொண்டி திறந்தது. அக்கா கிணற்றடியில் கை கால் கழுவி, எங்கள் பக்கம் வந்து, ஒன்றுமே நடக்காதவள் போல, “என்ன ரெண்டு பேரும் மரம் மாதிரி நிக்கிறியள்? பசிக்கேல்லையோ?” என்றாள்.

அத்தான் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் பையிலிருந்து சீலைகளை எடுத்துக் கொடியில் போட்டாள். எனக்குப் புட்டும் கத்தரிக்காய்க் கறியும் கட்டித் தந்தாள். மக்னீசியாவையும் இசப்புக்கோலையும் அவளிடம் விட்டேன். மக்னீசியாவைப் பழக்கமாக்காதே, தண்ணீரையும் நேரத்தையும் பழக்கமாக்கு, வந்தால் அடக்காதே என்று சொல்லி வாய் மூடவில்லை.

“போதுமடா, கடையில போய்க் கதை,” என்றாள். வாசலில் நின்று கையசைத்தாள். கூட வரவில்லை.

பிற்பகல் வண்டியில், பரந்தனில், மீன் நிறைந்த கூடைகளோடு சூசை அண்ணை ஏறினார். என் பெட்டியைச் சுற்றித் தும்புக் கயிறு கட்டியிருந்ததைக் கண்டார்.

“கொண்டிக்கு என்ன நடந்தது?”

“வட்டக்கச்சியில நிக்குது அண்ணை.”

“அப்ப மருந்து?”

“அரைவாசிக்கு மேல அப்படியே திரும்பி வருது.”

அவர் கயிற்றை ஒரு தரம் இழுத்துப் பார்த்து, தானே இன்னும் ஒரு முடிச்சுப் போட்டுத் தந்தார்.

யாழ்ப்பாணம் வந்து சேர இருட்டிவிட்டது. வன்னியில் காடு இருக்கிறது, கரடி இருக்கிறது, குடிதண்ணீருக்கு உவர்ச் சுவை இருக்கிறது. ஆனால் ஒன்று சரியில்லை என்றால் அன்றைக்கே கம்பு வெட்டப் போகிற மனிதர்களும் இருக்கிறார்கள். எங்கள் தெருவில் ஒரு மதிலை மாற்ற வழக்குப் போட்டுக் கோடு ஏறுவார்கள்.

ஞாயிறு காலை எங்கள் வீட்டு வளவின் கோடிக்குப் போய்க் கதவைச் சாத்திக் கொண்டியைப் போட்டேன். அறிந்த நாள் முதலாக நான் போடுகிற கொண்டி. அன்றுதான் அதன் சத்தம் எனக்குக் கேட்டது.